பெயரை அழிக்கும் யோசனை

2007ஆம் ஆண்டில் ஐடியா செல்லுலார் நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம் ஒன்றைப் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கிராமம், அங்கே சாதி மோதல். ஊர்த்தலைவராக அபிஷேக் பச்சன். மோதலுக்கு அவர் காணும் தீர்வு வியப்பானது. இனி இவ்வூரில் எவரும் பெயரால் அறியப்பட மாட்டார்கள். அவரவர் செல்பேசி எண்ணே அவரவருக்குப் பெயர். ஆணை பிறந்ததும் ஊர் அடங்கிவிடுகிறது. மக்கள் பத்திலக்க எண்களால் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு இன்முகத்தோடு நடமாடுகிறார்கள். 'வாட் ஏன் ஐடியா, சர்ஜி' என்கிறார் உடனிருக்கும் உதவியாளர். படம் மறைந்த பின்னும் அந்த வியப்புச் சொல் நாடெங்கும் வழங்கி வந்தது. உருவாக்கியது லோவ் லிண்டாஸ் விளம்பர நிறுவனம்; அதன் தலைமைப் படைப்பாளராக இருந்தவர், அதே ஆண்டு இளையராஜாவின் இசையோடு 'சீனி கம்' என்ற இந்திப் படத்தை இயக்கிய ஆர். பால்கி.

பதினெட்டு ஆண்டுப் பழமையுள்ள ஒரு விளம்பரத்தை இப்போது தோண்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில், ஊர், தெரு, சாலை, நீர்நிலை ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு அரசாணை வந்தது. அந்த வாரத்தில் நண்பர் ஒருவர் இந்தப் படத்தை நமக்கு அனுப்பி, 'அன்றே சொன்னார்கள் பாருங்கள்' என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அன்று சொன்னதும் இன்று செய்வதும் ஒன்றல்ல என்பது நம் எண்ணம். அவை ஒன்றுபோலத் தோன்றும்படி ஒரு விளம்பரத்தால் நம் கண்ணைப் பழக்க முடிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரைக்கு முகாந்திரம்.

முதலில் அப்படத்துக்குரிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். இந்திய விளம்பரங்களில் சாதி இருப்பதே இல்லை. சோபா இருக்கும், குளிர்பதனப் பெட்டி இருக்கும், சிவந்த மேனியுடைய தாயும் இரு குழந்தைகளும் இருப்பார்கள். அவர்கள் யார், எந்தத் தெரு என்ற பேச்சே எழாது. நாட்டின் பெரிய வணிக நிறுவனம் ஒன்று, விளம்பர நேரத்துக்குக் காசு கொடுத்து, இந்த நாட்டில் சாதியின் பெயரால் வெட்டிக்கொள்கிறார்கள் என்று வரவேற்பறைத் தொலைக்காட்சியில் சொன்னது. அந்தத் துணிவு பெரிது. அதனாலேயே அதன் பிழையும் பெரிது.

பிழை எங்கே தொடங்குகிறது? விற்க வேண்டிய பொருள் ஓர் எண். எண் மருந்தாக வேண்டுமானால் நோய் பெயரில் இருந்தாக வேண்டும். ஆகவே சாதி பெயரில் குடியிருப்பதாகப் படம் முடிவு செய்துகொண்டது. நோயைப் பார்த்து மருந்து தேடும் வழக்கத்துக்கு மாறாக, கையிலிருக்கும் குப்பியைப் பார்த்து நோயின் பெயரை எழுதும் வைத்தியம் இது. அந்தத் தொடரின் பிற படங்களும் இதே முறையில் வார்க்கப்பட்டவைதாம். 2008இல் வந்த படத்தில், பள்ளியில் இடம் கிடைக்காத கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செல்பேசி வழியே பாடம் நடக்கிறது. கிராமக் கல்விக்கு வேண்டியது ஆசிரியரும் கட்டடமும் அன்று, தொடர்பு ஒன்றே என்று அது ஆனது. 2020இல் பெருந்தொற்று அந்தப் படத்தை நாடு முழுவதும் நடத்திக் காட்டியது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே செல்பேசி, அதுவும் அப்பனோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையைத் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் கண்ணெதிரே பார்த்தோம். ஏழாம் வகுப்பில் விட்டவன் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். இடையில் அவன் கற்றது வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில். ஆனால் கல்வியைப் பற்றிய படம் வெறும் மிகை. சாதியைப் பற்றிய படம் அப்படியல்ல.

பெயரை எடுத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்ற யோசனை புதியதும் அன்று. இந்த விருதுநகர் மாவட்டத்தில் அது படம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடத்திப் பார்க்கப்பட்டது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது தமிழக அரசு. கட்டபொம்மன் படையில் போரிட்ட சுந்தரலிங்கம் தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். பேருந்துகள் மறிக்கப்பட்டன, மோதல் ஊர் ஊராகப் பரவியது, உயிர்கள் போயின. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. இனி மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் எந்தத் தலைவர் பெயரும் இராது. 1985இல் காமராசர் மாவட்டமாகப் பிறந்தது விருதுநகர் மாவட்டமாயிற்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரும், கட்டபொம்மன், சிதம்பரனார், அம்பேத்கர் பெயர்களும் மாவட்டங்களிலிருந்து ஒரே மூச்சில் கழன்றன. பேருந்தின் பக்கவாட்டில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர் வந்தது.

அபிஷேக் பச்சனின் தீர்ப்பு இதுதான். எண் ஒன்றுதான் குறைவு. அரசுக்கு அன்று வேறு வழி இருந்ததா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. எரிகிற வீட்டில் முதலில் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். பிற தலைவர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் பேருந்துகளில் ஓடின, எவரும் மறிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் முதன்முதலாக இந்தப் பகுதிப் பேருந்தில் ஏறிய ஆண்டில்தான் பெயர்களே ஆபத்தானவை என்ற ஞானம் எல்லோருக்கும் வந்தது. எல்லாப் பெயர்களையும் ஒன்றாக அழிப்பது சமமாக நடத்துவதுபோல் தோன்றும். பத்து முறை உண்டவனும் முதல் கவளத்தைக் கையில் எடுத்தவனும் ஒரே நேரத்தில் இலையிலிருந்து எழுப்பப்பட்டார்கள் என்பதே நடந்தது.

சரி, பெயர் போனது, சாதி போயிற்றா? இங்கே தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். அகப்பாடலில் தலைவன் தலைவி பெயர் சொல்லப்படுவதில்லை, அது மரபு. பெயர் இல்லாததால் அவர்கள் யாரென்று தெரியாமலா போகிறது? தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் என்று கருப்பொருள் ஒவ்வொன்றும் ஆளை அடையாளம் காட்டிவிடும். தினைப்புனமும் வேங்கையும் வந்தால் ஒருவர். உப்பங்கழியும் புன்னையும் வந்தால் வேறொருவர். பெயரைச் சொல்லாமலே ஆளைச் சொல்லும் கலையில் தமிழருக்கு ஈராயிரம் ஆண்டுப் பயிற்சி உண்டு.

சாதியும் அந்தக் கலையைத்தான் பயில்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நம் பெயரைக் கேட்க மாட்டார். 'தம்பிக்கு எந்த ஊரு?' என்பார். சொன்னால், 'அதுல எந்தப் பக்கம்?' என்பார். அதற்கும் மழுப்பினால், 'சாமி கும்பிட எங்க போவீங்க?' என்று மாசிச் சிவராத்திரியின் குலசாமிக்கு வந்து சேருவார். மூன்று கேள்வியில் முடிந்துவிடும். எந்த ஊருணியில் தண்ணீர் எடுப்பது, இழவு வீட்டில் யார் பறையடிப்பது, கண்மாயின் மீன்பாசி ஏலத்தில் யார் குரல் கொடுப்பது, தேநீர்க் கடையில் எந்தக் குவளை எந்தக் கைக்கு என்ற கேள்விகளெல்லாம் பெயர் இல்லாமலே விடை பெறுபவை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னே சாதியைப் போடுவதைக் கைவிடச் சொன்னது. தமிழ்நாடு பெருமளவு அதைக் கேட்டது. வடநாட்டான் பெயரைக் கேட்டதும் சாதியை அறிந்துகொள்வான். நம்மவன் பெயரைக் கேட்டு அறிய முடியாததால் வேறு வழிகளைக் கூர்மையாக்கிக்கொண்டான். பால்கி தமிழர் என்பதால் இது அவருக்குத் தெரியாதிருக்க முடியாது. படத்தில் வரும் கிராமமோ இந்திப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய கிராமம். ஊருணி எங்கே, சேரி எங்கே என்று அதில் கேட்க முடியாது. பொட்டல் வெளியும் தலைப்பாகையும் புழுதியும் இருந்தால் கிராமம் ஆகிவிட்டது என்பது விளம்பரக்காரர்களின் நிலவியல்.

மாணவர்களின் கையில் கட்டும் வண்ணக் கயிற்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சீருடை ஒன்று, பெயரில் சாதி இல்லை, ஆனால் மணிக்கட்டில் நிறம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வரை தடை செய்யச் சொன்னது. பெயரை எடுத்தால் கயிறு வருகிறது. கயிற்றை எடுத்தால் வேறொன்று வரும்.

இனி, படம் அறியாத மறுபக்கத்துக்கு வருவோம். பெயர் என்பது சண்டையின் வித்து என்று அது சொல்கிறது. இந்தக் கரிசல் வட்டாரத்தில் பெயர் என்பது மறுக்கப்பட்ட பொருள். போராடிப் பெற்ற பொருள். பழைய இராமநாதபுரம் பகுதியில் நாடார் வணிகம் வேரூன்றிய ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் அதை ஒட்டிய பாளையம்பட்டியும் இரண்டு. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததும், அந்த வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்றதும், இடையில் 1899இல் சிவகாசி எரிந்ததும் இந்த மண்ணின் வரலாறு. அந்தச் சமூகம் அடுத்து வென்றெடுத்தது ஒரு பெயர். அரசுப் பதிவேடுகளில் இருந்த பழைய இழிபெயர் நீங்கி 'நாடார்' என்ற பெயர் 1921இல் ஏற்கப்பட்டது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2021இல், ஏழு உட்பிரிவுகளைச் சேர்ந்த மக்களுக்குத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரை நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தால் வழங்கியது. அந்தப் பெயர் வேண்டுமா, அதனால் என்ன நன்மை என்று அச்சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் நம்மை என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம் என்ற குரல் இரண்டிலும் ஒன்றுதான். எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்ட மண் இது. அந்தக் கிழவரிடம் போய், 'ஐயா, பெயரால்தான் எல்லாச் சண்டையும், விட்டுவிடுங்கள்' என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அல்லது ஒரு விளம்பர ஒப்பந்தம் வேண்டும்.

பெயரைத் துறப்பது உயர்ந்த செயல் என்பதை நாம் மறுக்கவில்லை. செங்கல்பட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், நாடார் மகாஜன சங்கத்துக்கும் தலைவராக விளங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1921இல் பதிவேட்டில் ஏறிய பெயரை 1929இல் அவர் தம் பெயருக்குப் பின்னிருந்து எடுத்தார். கையில் இருந்ததால் விட முடிந்தது. திருச்சுழிக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. அங்கே 1879இல் பிறந்த வேங்கடராமன் 1896இல் மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனபோது எழுதி வைத்த சிறு கடிதத்தில், தன்னைக் குறிக்க 'இது' என்று எழுதினார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இழுத்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. ஒரு மனிதன் தன் பெயரைத் தானே அழித்துக்கொண்ட காட்சி அது. எந்த ஊர்த்தலைவரும் அவருக்கு ஆணையிடவில்லை. கோட்டுக்குப் பதிலாக எவரும் ஓர் எண்ணை நீட்டவுமில்லை.

எண்ணால் அழைக்கப்பட்ட அனுபவமும் இந்த வானம் பார்த்த பூமிக்குப் புதிதன்று. பஞ்சத்துக்கு அஞ்சி இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கழுத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு தகர வில்லை கட்டப்பட்டது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதே அதில் பொறித்திருந்த செய்தி. அப்பன் வைத்த பெயர் அக்கரைக்கு வேண்டியிருக்கவில்லை. இக்கரையிலேயே இருந்தவர்களில் சில சமூகத்தாருக்கு வேறு விதி காத்திருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கி, கைரேகையைப் பதிவேட்டில் ஏற்றி, காவல் நிலையத்துக்கு வரவழைத்தது. ரேகைச் சட்டம் என்றே ஊரார் அதைச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. மனிதனிடமிருந்து பெயரை எடுத்துவிட்டு எண்ணையும் ரேகையையும் வைத்துக்கொண்டவர்கள் எப்போதும் அவனை ஆள வந்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இப்படியொரு சிக்கல் வந்தது. பாட்டு இருக்கிறது, பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர்கள் எண் இடவில்லை. பாட்டுக்குள் போய் ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். அணிலாடு முன்றிலார் அப்படி வந்தவர். முகம் தெரியாத ஒருவருக்கு, அவர் செய்த நல்லதைக் கொண்டே பெயர் வைத்த பண்பாடு நம்முடையது.

நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறோம். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது நாம் அழைப்பது எண்ணைத்தான். அறுபது பேர் உள்ள வகுப்பில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். ஆக, ஐடியாவின் கிராமம் தினமும் காலை பத்து மணிக்கு நம் முன்னே உட்கார்ந்திருக்கிறது. பதினேழு 'உள்ளேன் ஐயா' என்பான், பதினெட்டும் சொல்வான். இடைவேளையில் பதினேழு எந்த வேப்பமரத்தடியில் நிற்பான், பதினெட்டு எதனடியில் நிற்பான் என்பதை எந்த எண்ணும் மாற்றியதில்லை. மாறாக, இருவரையும் பெயர் சொல்லி எழுப்பி, ஒருவன் எழுதிய கட்டுரையை மற்றவனை வாசிக்கச் சொன்ன சில நாட்களில் மரத்தடிகள் சற்றே கலைந்ததுண்டு. இதைப் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. மறுவாரம் அவரவர் மரத்துக்கு அவரவர் போய்விட்டார்கள்.

செல்பேசி பரவியபின் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். படம் வெளியான 2007இல் இந்தியக் கிராமப்புறங்களில் நூறு பேருக்குப் பத்துத் தொலைபேசி இணைப்புகள்கூட இல்லை. தலைவரின் ஆணைப்படி ஊரில் தொண்ணூறு பேர் பெயரற்றவர்கள். சில மாதம் பணம் கட்டாமல் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகும் என்பதால், மழை பொய்த்த ஆண்டில் பெயரும் பொய்த்துவிடும். இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். எண்ணை எல்லோரும் பெற்றபின் நடந்தது வேடிக்கையல்ல. 2015 மே மாதம் ஷீரடியில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அம்பேத்கரைப் போற்றும் பாடல் அவர் செல்பேசியில் அழைப்பொலியாக ஒலித்ததே தகராறின் தொடக்கம் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய ஒலிப்பதிவு வாட்ஸப்பில் பரவி ஊரே கொந்தளித்தது. அந்தக் கிராமத்துக்கு அமைதியைக் கொண்டுவந்ததாகப் படம் காட்டிய அதே கருவிதான். எண்ணை ஒருவர் அழைத்தால் அழைப்பவர் பெயரைத் திரையில் காட்டும் செயலிகளும் வந்துவிட்டன. ஊரார் அவரை எந்தப் பட்டத்தோடு தம் செல்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார்களோ அதையே அவை காட்டுகின்றன. சாதி தன் பெயரை எண்ணுக்குள்ளேயே எழுதிக்கொண்டது.

'விளம்பரம்தானே, ஒரு நிமிடக் கதையில் எவ்வளவு எதிர்பார்ப்பீர்கள்?' என்று கேட்கலாம். சிவகாசிக் கலவரத்தையும் இந்தக் கரிசல் மண்ணின் ஒரு நூற்றாண்டையும் சொல்லப் பூமணிக்கு 'அஞ்ஞாடி'யில் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிமிடக் கதையும் நேர்மையாக இருக்கலாம். 2013இல் கூகுள் தன் தேடுபொறிக்காக எடுத்த 'ரீயூனியன்' என்ற படம் மூன்றரை நிமிடம். பிரிவினையில் பிரிந்த இரு முதியவர்களை, டில்லியில் இருப்பவரின் பேத்தி மீண்டும் சேர்த்து வைக்கிறாள். அவள் தேடுவது தாத்தா சொன்ன ஒரு பூங்காவையும் ஒரு பழைய இனிப்புக் கடையையும். விசா வாங்கும் பாட்டை அது மிக எளிதாகக் கடந்துவிடுகிறது. எல்லைக்கோடு கூகுளால் அழியவும் இல்லை. ஆயினும் கருவி அங்கே நினைவுக்குப் பணி செய்கிறது. மனிதரின் ஊரையும் பெயரையும் தின்பண்டத்தையும் பறித்துக்கொண்டு அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. விற்பனையும் நடந்தது, கதையும் பொய்க்கவில்லை. ஆகவே முடியாத காரியம் என்று சொல்ல வேண்டாம். பதினொரு ஆண்டு கழித்து அதே கூகுள், தன் மகள் ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிக்கொள்ளும் தந்தையை ஒலிம்பிக் நேரத்தில் காட்டியது. குழந்தையின் கடிதத்தைக் குழந்தையிடமிருந்து பறிக்கிறீர்களே என்று கண்டனம் எழுந்ததும் அதை நிறுத்திக்கொண்டது. ஐடியாவின் படத்தை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை; நாம் சிரித்துக் கைதட்டினோம்.

நம்மை மிகவும் உறுத்துவது எண்கூட அன்று. அந்தத் தலைவர் உட்கார்ந்திருக்கும் இடம். ஊரார் எல்லோரும் பெயரை இழக்கிறார்கள். நாற்காலி அசையவே இல்லை. தீர்ப்பு மேலிருந்து வருகிறது, கீழே இருப்பவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். படம் வந்த 2007க்கு முந்தைய பத்தாண்டுகளில் இந்தப் பகுதியில் கேள்வியே அந்த நாற்காலியைப் பற்றியதுதான். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் நடக்காது, நடந்தால், வென்றவர் பதவியேற்றதும் விலகவேண்டும். 2006 அக்டோபரில்தான் ஒழுங்கான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது, தேர்தலில் நின்று வென்று அந்த நாற்காலியை ஏற்றதற்காக. இன்னும் பின்னே போனால், 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில், யார் யாருக்கு நிகராக ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவது என்பதே முட்டிக்கொண்டது. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். ஒரு தாளில் இரண்டு பெயர்கள் அருகருகே நிற்பது இங்கே அவ்வளவு பெரிய செய்தி.

2019 டிசம்பர் தேர்தலில் வென்று 2025 ஜனவரி வரை பதவியில் இருந்த ஊராட்சித் தலைவர்களின் கதையும் வேறல்ல. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட புகைப்படம் வெளியானது. 2022இல், ஆகஸ்ட் 15 அன்று தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதையொட்டித் தீண்டாமை ஒழிப்பு முன்னணி எடுத்த கணக்கில் தலைவருக்கு நாற்காலி தராத ஊராட்சிகள் இருந்தன. அலுவலகச் சுவரில் தலைவரின் பெயரை எழுதவே விடாத ஊராட்சிகள் அவற்றைவிட அதிகமாக இருந்தன. அந்தத் தலைவர்களில் பலரிடம் செல்பேசி இருந்தது; எண் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரவில்லை என்றால் அந்த எண்ணுக்குத்தான் அழைத்தார்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியரின் எண்ணும் யாரிடமாவது இருந்திருக்கும். அவரை அழைக்கத்தான் ஆள் இல்லை.